ஏழாவது ஆள்

ஊமர் வகையறாவில் யாரிடம் வேண்டுமானாலும் போய் இஷூவைப் பற்றிக் கேளுங்கள். முதலில் காறித் துப்புவார்கள். துப்பிய வாய் மூடுவதற்குள், "ஆனா அவன் கத்தரி பிடிச்சான்னா ஆட்டுக்கே தெரியாதுப்பா, தூங்கிரும்" என்பார்கள். இரண்டுமே மனசாரச் சொல்வதுதான். ஒரே ஆளை ஒரே மூச்சில் வையவும் மெச்சவும் எங்கள் அட்லஸ் மலைக்காரர்களை விட்டால் ஆள் கிடையாது.

இஷூ ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறவன். குட்டையான ஆள், கட்டையான விரல்கள். முரட்டுக் கிடாயைக்கூட முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, "என் ராசா, என் தங்கம், இந்தா முடிஞ்சிருச்சு, இன்னும் கொஞ்சூண்டு" என்று காதோடு பேசிக்கொண்டே முழுப் போர்வையாகக் கழற்றி எடுத்துவிடுவான். மனிதர்களிடம் மட்டும் வாயே திறக்க மாட்டான். "ஆட்டுக்கிட்டப் பேசுற பேச்சுல கால்வாசி எங்கிட்டப் பேசியிருந்தா நான் இந்நேரம் ஒரு சுத்துப் பெருத்திருப்பேன்" என்பாள் அவன் மனைவி இத்தோ.

அவனுக்கு ஐந்து வயதில் தகப்பன் போய்விட்டார். அண்ணன் ஹத்துவுக்கு அப்போது பதினைந்து. ஒரே ஒரு கம்பளி அங்கிதான் வீட்டில். பனிக்காலம் முழுக்க ஹத்து அதைப் போட்டுக்கொள்வார், தம்பி அதற்குள்ளே அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கழுத்துப் பக்கம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு திரிவான். இரண்டு தலை ஹத்து என்று ஊரே கேலி செய்தது. பெண் பார்க்கப் போனபோதும் ஹத்து கேட்டது ஒன்றுதான்: "எந்தம்பி எங்கூடத்தான் இருப்பான். சரின்னா பேசுவோம்." அப்படி வளர்த்த அண்ணனைத்தான் இஷூ ஊர் முன்னால் தலைகுனிய வைத்தான். ஏன் என்றுதானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஊமர் வகையறா, அந்தக் கரையில் தாலா வகையறா. மேலே மலை முதுகில் இருக்கிற புல்வெளி இரண்டு பேருக்கும் பொது. பனி உருகியதும் அதை அடைத்துவிடுவோம். புல் முழங்கால் உயரம் வளர்ந்து பெரியவர்கள் நாள் குறிக்கிற வரைக்கும் ஒரு ஆடு உள்ளே கால் வைக்கக் கூடாது. காவல்காரரை ஒரு வருஷம் இந்தக் கரை கொடுக்கும், மறு வருஷம் அந்தக் கரை. அந்த வருஷம் தாலாக்காரர் பென்னாசர்தான் காவல்.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், ஹத்துவின் மகன் அஸ்ஸு மந்தையை உள்ளே விட்டுவிட்டான். இருபது வயசு, துள்ளுகிற வயசு. வெயில் கண்ணில் அடிக்க, பென்னாசர் கையை நெற்றிக்கு வைத்துக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். பாறை மேலிருந்து ஒரு கல் பறந்தது. அவ்வளவுதான். இடது கண்.

இஷூ அந்த நேரம் கத்தரிப் பையும் கோவேறு கழுதையுமாக மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். கல்லையும் பார்த்தான், எறிந்த கையையும் பார்த்தான், அந்தக் கைக்காரன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு சரிவில் உருண்டோடியதையும் பார்த்தான். பென்னாசரைத் தூக்கிக் கழுதையில் ஏற்றி, தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டி, அவர் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

வழியில் பென்னாசர் கேட்டார்: "எவன்னு பார்த்தியா இஷூ?"

இஷூ கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"ஏன்யா, உன்னைத்தான் கேட்கிறேன். பார்த்தியா?"

பாவி மனிதன், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பென்னாசர், அங்கே குரைத்த நாயின் குரலை வைத்து அஸ்ஸுவின் பெயரைச் சொன்னார். அஸ்ஸு இல்லவே இல்லை என்றான். சாட்சி இல்லை. அப்படியானால் எங்கள் வழக்கம் ஒன்றுதான்: குற்றம் சாட்டப்பட்டவனும் அவன் பங்காளிகள் ஒன்பது பேரும், ஆகப் பத்துப் பேர், அவுலியா தர்காவுக்குப் போய் ஒருவர் பின் ஒருவராக அந்த மகான் அடங்கியிருக்கிற கபுர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பத்தும் சரியாக விழுந்தால் அவன் நிரபராதி. ஒருவன் தடுக்கினாலும் மொத்தமும் உடைந்தது, வகையறா முழுக்கத் தண்டம் கட்ட வேண்டும். பங்காளிகள் பார்த்தார்களா, கேட்டார்களா என்பதெல்லாம் பேச்சே இல்லை. பங்காளி என்றால் நாக்கைக் கடன் கொடுக்க வேண்டும். "நான் பிறக்கிறதுக்கு முந்தி நடந்ததுக்கெல்லாம் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று பீற்றிக்கொள்கிற கிழங்கள் எங்களிடம் உண்டு.

இஷூ அண்ணனிடம் போனான். ஹத்து வாதுமை மரத்தடியில் சேணத்துக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் பார்த்தேன்."

ஹத்துவின் ஊசி நின்றது. "என்னத்தைப் பார்த்த?"

"எறிஞ்சது நம்ம அஸ்ஸுதான்."

"நீ ஒண்ணும் பார்க்கல."

"அண்ணே..."

"வெயில் கண்ணைக் கூசியிருக்கும். நீ பார்க்கல." ஹத்து வாரை மடியில் வைத்தார். குரல் இறங்கியது. "இஷூ, நான் உங்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இத்தனை வருஷத்துல ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணு."

அவர் கெட்டிக்காரர். முறைப்படி பார்த்தால் தகப்பனுக்கு அடுத்து நிற்க வேண்டியவன் சித்தப்பன். ஆனால் ஹத்து தம்பியை ஏழாவதாக நிறுத்தினார். ஆறு பேர் சொல்லி முடித்த பிறகு ஏழாவது ஆள் தானாகச் சொல்லிவிடுவான், மந்தை போகிற வழியில் ஆடு போகும் என்பது அவர் கணக்கு. ஆட்டுக்காரர்களின் மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

தர்காவுக்குப் போகிற காலையில் இத்தோ அவனுக்குத் தலைப்பாகை சுற்றிவிட்டாள்.

"என்ன செய்யப் போற?"

"தெரியல."

"போய்ச் சொல்லிட்டு வாயேன்யா. அவுலியா காதுக்குப் பொய் என்ன புதுசா?" என்றாள். சுற்றி முடித்து முனையைச் செருகினாள். "சொன்னா உனக்குத் தூக்கம் வராது. நீ புரண்டா எனக்கும் வராது. எப்படிப் பார்த்தாலும் எந்தலையிலதான் விடியும்."

அஸ்ஸு கை வைத்தான், சொன்னான். ஹத்து கை வைத்தார், சொன்னார். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. வெளியே முற்றத்தில் தாலாக்காரர்கள் ஒரு பக்கம், ஊமர்காரர்கள் ஒரு பக்கம். பென்னாசர் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்தது இஷூவின் தலைப்பாகைத் துணி. துவைத்திருந்தார்கள், ஆனால் கறை போகவில்லை.

இஷூ செருப்பைக் கழற்றினான். வாசற்படி தாண்டினான். கபுரைப் போர்த்திய பச்சைத் துணியின் மேல் கையை வைத்தான். "இந்த அவுலியா மேல..." என்று ஆரம்பித்தவனுக்கு அதற்கு மேல் வரவில்லை.

"சொல்லுடா" என்றார் ஹத்து, உள்ளேயிருந்து.

"என்னால முடியல."

"சொல்லிரு இஷூ. என் கண்ணுல்ல, சொல்லிரு." கிடாயிடம் இவன் பேசுகிற அதே தொனி. தம்பி அதைக் கற்றுக்கொண்டதே இந்த அண்ணனிடமிருந்துதான்.

"அண்ணே, நான் பார்த்தேன்" என்றான் இஷூ. முற்றம் வரைக்கும் கேட்டது. கையை எடுத்தான். அழுகை வந்தது, அதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. எட்டாவது ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினான். இனி அவன் சொல்லி என்ன ஆகப் போகிறது?

கண்ணுக்கு ஈடாக நாற்பது ஆடுகள் ஆற்றைக் கடந்து போயின. இஷூவின் பங்கு நான்கு. கேட்காமலேயே தன் மந்தையில் நல்லதாகப் பார்த்து நான்கை ஓட்டிவிட்டான். அது போதவில்லை வகையறாவுக்கு. கூட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். அவனோடு யாரும் பேசக் கூடாது, அவன் வீட்டில் நெருப்பு வாங்கக் கூடாது, அவன் அறுப்புக்குப் போகக் கூடாது, அவன் கத்தரிக்கு ஆடு விடக் கூடாது. தடையை வாயால் சொன்னவர் ஹத்துதான். மூத்தவர் அவர், வேறு யார் சொல்வது?

இத்தோ பெரிய விஷயங்களுக்கெல்லாம் அழவில்லை. ரொட்டிக்குப் புளித்த மாவு கேட்டு யாரும் வரவில்லை, இவளுக்கும் யாரும் தரமாட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அழுதாள். எங்கள் தெருவில் அந்தப் புளித்த மாவு வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இவளுடைய சட்டி மட்டும் ஒரு நாள் வீணாய்ப் போனது. வெறும் மாவும் தண்ணீரும் வைத்து முதலிலிருந்து புளிக்க வைத்தாள். அந்த முதல் ரொட்டி செங்கல் மாதிரி இருந்தது. இஷூ அதை நல்லாயிருக்கு என்று சொல்லித் தின்றான்.

அவர்களுக்கு ஒரே மகள், இஸ்ஸா. மூன்று வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். மாமனார் வீடு அவளைத் தாய்வீட்டு வாசலை மிதிக்க விடவில்லை. இஸ்ஸா லேசுப்பட்டவளா? தினமும் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த வாசல் வழியாகத்தான் போவாள், ஆட்டைத்தான் திட்டுவாள்.

"ஏ சனியனே, மெதுவா நட! எனக்கு மூணு மாசம், வாந்தி நிக்கல, உன் பின்னாடி ஓட முடியுமா?"

உள்ளே இத்தோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அழுவாள். மறுநாள் தன் கோழியைச் சத்தம் போட்டுத் திட்டுவாள்: "சீரகத்தைக் கொதிக்க வச்சுக் குடிக்கத் தெரியாதா உனக்கு, அறிவு கெட்டதே!" இப்படியே பிரசவம் வரைக்கும் மருத்துவம் நடந்தது. ஆண் குழந்தை என்பதும் ஆட்டின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

பென்னாசர் ஒருநாள் கொழுத்த கிடாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். இஷூ கயிற்றைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தான்.

"உன் கண்ணுக்காகச் சொல்லலைய்யா நான். நீ கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு வந்தேன்ல, அது உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"சரி, அறுப்புக்காவது எங்க ஆளுங்களை அனுப்புறேன்."

"வேணாம். விலைபோயிட்டான்னு சொல்லுவாங்க. எங்க அண்ணன் காதுல அது விழக் கூடாது."

அந்த வருஷம் பார்லி முற்றியது. எங்கள் மலையில் ஒருவன் வயலை ஊரே சேர்ந்து இறங்கி அறுக்கும், பாட்டும் கூத்துமாகப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். இஷூவும் இத்தோவும் இரண்டே ஆளாக இறங்கினார்கள். ஐந்து நாளில் கால் வயல்கூட ஆகவில்லை. கதிர் உதிர ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை, சந்தை நாள். ஊரில் ஆண்பிள்ளை ஒருவன் இருக்கமாட்டான். இஷூ மேல் வயலுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒருவன் குனிந்து அறுத்துக்கொண்டிருக்கிறான். அஸ்ஸு.

இஷூ அரிவாளோடு நின்றான். என்ன சொல்வது? அஸ்ஸு நிமிரவில்லை.

"ஒண்ணும் கேட்காதீங்க சித்தப்பா. கேட்டா நான் ஓடிருவேன்."

அவனும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் அறுத்துக்கொண்டே போனார்கள். உச்சி வெயிலுக்கு இத்தோ மோரும் ரொட்டியும் கொண்டு வந்தாள். பையனைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள், பிறகு ரொட்டியை மூன்றாகப் பிய்த்தாள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்ஸு சொன்னான்: "அந்தக் கல்லு இன்னும் என் கையிலயே இருக்கு சித்தப்பா. எறிஞ்ச மாதிரியே இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா."

"பயந்துட்டேன். அவர் ஓடி வந்தப்பவும் பயம், தர்காவுலயும் பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வாப்பாவுக்கு நான் இங்க வந்தது தெரியக் கூடாது. தடை போட்டதே அவர். அவர் வீட்டுலயே மீறுனா, வெளிய அவர் முகத்துல முழிப்பாங்களா?"

"என் வாயிலிருந்து வராது" என்றான் இஷூ. வாக்குக் கொடுத்துவிட்டான்.

நாலு வருஷம். ஒவ்வொரு அறுப்பின்போதும் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலைத் தொழுகைக்கு வாங்கு சொன்னதிலிருந்து வெயில் சாய்கிற வரைக்கும் அஸ்ஸு வந்துவிடுவான். கால் வயல் அன்று ஒரே நாளில் தரையோடு போகும். மீதியை இவர்கள் பதினைந்து நாள் இழுப்பார்கள்.

நாலாவது வருஷம், அப்படிப்பட்ட ஒரு சந்தை நாளில், தாலாக்காரர்களின் வைக்கோல் போர் எரிந்தது. பனிக்காலத்துக்கு வைத்திருந்த தீவனம் முழுக்கச் சாம்பல். எங்கள் மலையில் தீ வைப்பு என்றால் ஆளைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவார்கள், உயிர் உள்ளவரை திரும்ப முடியாது. ஊரே சந்தையில் இருந்த நேரத்தில் இஷூவைத் தவிர அங்கே இல்லாதவன் யார் என்று பார்த்தார்கள். அஸ்ஸு. பழைய பகையும் அவனுக்குத்தான். எங்கே இருந்தாய் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறான். "காணாமப்போன ஆட்டைத் தேடிப் போனேன்" என்றான். எந்த ஆடு என்றால் மறுபடியும் தரையைத்தான் பார்க்கிறான்.

மறுபடி பத்துப் பேர் சத்தியம் என்று பேச்சு வந்தது. அப்போது பென்னாசர் எழுந்தார்.

"பத்துப் பேர் சத்தியம் என்ன பெறும்னு ஒரு கண்ணைக் கொடுத்துத் தெரிஞ்சுகிட்டவன் நான். எனக்குப் பத்துப் பேர் வேணாம். இஷூ ஒருத்தர் வந்து கை வச்சுச் சொல்லட்டும். அவர் சொன்னா எங்க கரை மொத்தமும் கேட்டுக்கும்."

நாலு வருஷமாக ஊமர்காரர்கள் யாரோடு பேசக் கூடாது என்றார்களோ, அவன் வாயில்தான் இப்போது அவர்கள் பிள்ளையின் தலைவிதி.

மாலையில் ஹத்து தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தாடி முழுக்க நரைத்துவிட்டதை இஷூ அன்றுதான் கிட்டத்தில் பார்த்தான். இத்தோ பதறிக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"வேணாம் இத்தோ" என்றார் ஹத்து. தம்பியைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துப் பேசினார். "திங்கக்கிழமை வைக்கோல் எரிஞ்சது. அஸ்ஸுன்னு சொல்றாங்க. நாளைக்குத் தர்காவுல உன்னைக் கேட்கிறாங்க. நான் எதுவும் கேட்க வரல. ஒருதடவை கேட்டாச்சு, போதும். உன் மனசுக்கு என்ன படுதோ அதைச் சொல்லு."

திங்கட்கிழமை என்றதும் இத்தோ கணவனைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. இஷூ கண்ணாலேயே தடுத்தான், வாக்குக் கொடுத்தாயிற்றே. அந்த ஒரு நொடிக்குள் ஹத்து திரும்பி நடந்துவிட்டார்.

"அண்ணே!" என்று இஷூ வாசலுக்கு ஓடினான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவன் வாயில் வந்தது. ஹத்து நின்றார், திரும்பவில்லை. பிறகு போய்விட்டார்.

"சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?" என்றாள் இத்தோ. "அந்த மனுஷன் ஒரு வாய் ரொட்டி தின்னமாட்டார் இன்னைக்கு."

"நாளைக்கு அந்தப் பையனைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும், இத்தோ. முதுகுக்குப் பின்னால சொல்லக் கூடாது."

மறுநாள் தர்கா முற்றத்தில் அதே இரண்டு பக்கம். இஷூ நேரே அஸ்ஸுவிடம் போனான்.

"உனக்குக் கொடுத்த வாக்கை உடைக்கப் போறேன்டா. திட்டணும்னா இப்பவே திட்டிக்க."

அஸ்ஸு தலையை ஆட்டினான், வேண்டாம் என்றா சரி என்றா என்று தெரியாதபடி.

இஷூ செருப்பைக் கழற்றினான். உள்ளே போனான். கை வைத்தான். இந்தத் தடவை சொல் பாதியில் நிற்கவில்லை.

"இந்த அவுலியா மேல சத்தியமா, தீ வச்சது அஸ்ஸு இல்ல. திங்கக்கிழமை விடியக்காலை வாங்குலேருந்து வெயில் சாயுற வரைக்கும் என் மேல்வயல்ல பார்லி அறுத்துக்கிட்டிருந்தான். நான் பக்கத்துல இருந்தேன். இந்த வருஷம் மட்டுமில்ல, நாலு வருஷமா வர்றான்."

பென்னாசர் எழுந்து, "முடிஞ்சது" என்றார். அவ்வளவுதான், தாலாக்காரர்கள் கலைய ஆரம்பித்துவிட்டார்கள். ஊமர் பக்கம்தான் சலசலத்தது. "அப்ப தடையை மீறியிருக்கான்!" "மூத்தவர் வீட்டுப் பிள்ளையே!" என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். பையன் கணவாய் தாண்டாமல் தப்பித்தானே என்று ஒருத்தனாவது சந்தோஷப்பட வேண்டுமே! எல்லோரும் ஹத்துவைப் பார்த்தார்கள். அவர் மகனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கால் மாற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

தடையை யாரும் எடுக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சாகும்வரை இஷூவோடு பேசவில்லை. இன்றைக்கும் துப்புகிறவர்கள் அவர்கள் பிள்ளைகள்தான்.

மறுநாள் காலை இஷூவும் இத்தோவும் மேல் வயலுக்குப் போனார்கள். பாதி வயல் இன்னும் நின்றது. வரப்பில் ஒரு கிழட்டுக் கோவேறு கழுதை கட்டியிருந்தது. வயலுக்குள்ளே ஹத்து, அரிவாளோடு, மூச்சிரைக்கக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மூன்று கட்டு கட்டிப் போட்டிருந்தார்.

இஷூ வரப்பிலேயே நின்றுவிட்டான். இத்தோதான் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அவன் இறங்கி, அண்ணனுக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தான். இன்னும் ஒரு கட்டு சேர்ந்தது. பிறகு ஹத்து நிமிர்ந்து, ஏற்கெனவே அறுத்திருந்த பாதி வயலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"யார்ரா இவ்வளவு உசரத்துல அறுத்தது? தட்டையெல்லாம் வீணாப் போச்சு."

"உம்மகன்தான்ண்ணே."

"நாலு வருஷமா வர்றான், இதைக்கூட நீ சொல்லிக் கொடுக்கலையா?" என்று கத்தினார் ஹத்து. கத்திய வாய் கோணிக்கொண்டது. அரிவாளைப் போட்டுவிட்டுத் தம்பியை இழுத்துத் தன் அங்கிக்குள்ளே வைத்து இறுக்கிக்கொண்டார். நாற்பத்தைந்து வயசு ஆள் அந்தக் கிழிசல் அங்கிக்குள் அடங்குவானா? பாதி வெளியேதான் நின்றான். இத்தோ வரப்பில் உட்கார்ந்து ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள்.